தோட்டத்தை மறைத்த வேட்பாளர்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அதிகாரித் தேர்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இளைஞர் தனி ஆள் அல்லர். மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை ஒரே ஆளின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். அவரை வேட்பாளர் என்றே அழைப்போம்.

வயது 23. தமிழ்ப்பள்ளி, அப்புறம் தேசிய இடைநிலைப்பள்ளி, அதன்பின் இயந்திரவியல் பட்டம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் பல வருடம் குலை வெட்டியவர், இப்போது மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி. பள்ளி நாளில் சீருடை இயக்கத்தில் கேடட். பட்டதாரி கேடட் அதிகாரி பிரிவில் தரைப்படைக்கு விண்ணப்பித்தார். முதல் முறை நேர்முகத்தோடு முடிந்தது. அந்த முறை எங்கே கோட்டை விட்டார், அடுத்த முறைக்கு எங்களோடு பயிற்சி செய்த பன்னிரண்டு வாரத்தில் எதையெல்லாம் மாற்றினார் என்பதுதான் விஷயம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. மலேசிய ஆயுதப்படையில் அதிகாரியாக ஒரே ஒரு வாசல் இல்லை. எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை முடித்தவர் சுங்கை பீசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்துக்குக் கேடட்டாக விண்ணப்பிக்கலாம். பட்டதாரி நேரடியாகக் கேடட் அதிகாரிப் பயிற்சிக்குப் போகலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பாலாப்பெஸ் என்ற சேமப்படைப் பயிற்சியில் சேர்ந்து தாவ்லியா என்ற அதிகாரி நியமனம் பெறுவது இன்னொரு வழி. வீட்டில் “ஆர்மிக்கு எழுதிப் போட்டிருக்கான்” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வார்கள். சிப்பாய்க்கான விளம்பரமும் அதிகாரிக்கான விளம்பரமும் வேறு வேறு. தவறான விளம்பரத்துக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்பு வரவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு.

முதல் முறை

நான்கு மாதம் தயார் செய்தார். ஆனால் தயாரிப்பு முழுக்க யூடியூபில் கிடைத்த இந்திய ராணுவத் தேர்வுக் காணொளிகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவை ஏராளம், தரமும் நன்றாகவே இருக்கும். அதனால்தான் ஆபத்து. இந்தியாவின் சேவைத் தேர்வு வாரியம் 5 நாள் நடக்கும். ஒரு படத்தை 30 வினாடி பார்த்து 4 நிமிடத்தில் கதை எழுதவேண்டும், அப்படி 12 முறை, கடைசி முறை படமே இல்லாத வெற்றுத் திரை. ஒரு சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை எழுதவேண்டும், ஒரு சொல்லுக்கு 15 வினாடி வீதம் 60 சொற்கள். 60 சூழ்நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று 30 நிமிடத்தில் எழுதவேண்டும். அதிகாரிக்குரிய 15 குணங்கள் என்று ஒரு பட்டியல். வேட்பாளர் அந்த 15 குணங்களையும் ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்வார். அவரை விசாரிக்கப்போகிற குழு வேறு நாட்டைச் சேர்ந்தது, கேள்வி மலாயில் வரும் என்ற எண்ணம் மட்டும் கடைசி வாரம்வரை உறைக்கவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் முதல் தவறு. வெறுந்தலையோடு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிரிட்டிஷ் வழிவந்த ராணுவ மரபில் தலையில் தொப்பி இல்லாதவர் சல்யூட் அடிப்பதில்லை. கேடட்டில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும் என்று குழு நினைக்கும். சாதாரண உடையில் போகிறவர் நிமிர்ந்து நின்று “செலாமாட் பாகி, துவான்” என்றாலே போதும்.

இரண்டாவது, அழைக்கும் முறை. படபடப்பில் ‘சர்’, ஒரு முறை ஆசிரியரை அழைக்கும் ‘சிக்கு’ என்றும் வாய் தவறியது. பதினொரு வருடப் பள்ளிப் பழக்கம் அப்படித்தான் எட்டிப் பார்க்கும். ஆண் அதிகாரிக்குத் துவான், பெண் அதிகாரிக்குப் புவான். குழுவில் ஒரு பெண் அதிகாரி இருந்து, பதற்றத்தில் அவரையும் துவான் என்று அழைத்தவர்கள் உண்டு.

மூன்றாவதுதான் மூலக்காரணம். அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். “பாப்பா சாயா கெர்ஜா ஸ்வாஸ்தா” என்றார், தனியார் துறை என்று. எந்தத் தனியார் நிறுவனம் என்பது அடுத்த கேள்வி. தடுமாற்றம். என்ன பதவி? இன்னும் தடுமாற்றம். தோட்டம் என்ற சொல் வாயில் வர மூன்று கேள்வி ஆயிற்று. அதற்குள் குழுவின் குறிப்பேட்டில் என்ன விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: இவர் எதையோ மறைக்கிறார். மறைத்தது குற்றம் எதையும் அல்ல, லயத்து வீட்டை. நகரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் இளக்காரம் என்ற கூச்சம். நேர்முகத்தில் அந்தக் கூச்சம் நேர்மைக் குறைவாகத்தான் தெரியும்.

நான்காவது, ஊர். “1948இல் உங்கள் ஊரில் என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். ஜப்பானியர் காலம் என்று ஏதோ சொன்னார். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நாட்டின் ராணுவ வரலாற்றில் இந்த ஊருக்கு இருக்கும் இடம் இது. ராணுவ அதிகாரியாகப் போகிறேன் என்று வந்த உள்ளூர்ப் பையனுக்குத் தெரியவில்லை என்றால் குழு என்ன நினைக்கும்?

ஐந்தாவது: எந்தப் படைப்பிரிவில் சேர ஆசை என்றதற்கு ‘ராம்ட்’ என்றார். ராம்ட் என்கிற அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்கள் மட்டுமே சேரும் பிரிவு. காலாட்படையில் எல்லா இனத்தவரும் இருப்பது அரச ரேஞ்சர் படைப்பிரிவு. ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடக் கூடிய விஷயம்.

கடன் வாங்கிய பாடம், அதில் எவ்வளவு செல்லும்

இந்தியக் காணொளிகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இந்த வகைத் தேர்வுக்கு வேர் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரில், 1942இல், பிரிட்டன் போர்த்துறைத் தேர்வு வாரியங்களை அமைத்தது. அதுவரை பள்ளிப் பெயரையும் குடும்பத்தையும் பார்த்து அதிகாரிகளை எடுத்து வந்தார்கள். பலர் தேறவில்லை என்ற புலம்பல் எழுந்தது. மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியோன் போன்றவர்கள் தலைவன் இல்லாத குழுப்பணி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். எட்டுப் பேரிடம் ஒரு சிக்கலைக் கொடுத்து, யாரையும் தலைவனாக நியமிக்காமல் விட்டுவிட்டு ஓரமாக நின்று பார்ப்பது. பிரிட்டனிலிருந்து காமன்வெல்த் நாடுகளுக்கு இந்த வாசனை பரவியது. ஆகவே குழுப்பணி, குழு விவாதம், சிறு உரை ஆகியவற்றுக்கு அந்தக் காணொளிகள் உதவும். படக்கதை, சொல் வரிசை, எதிர்வினைத் தாள் எல்லாம் அந்த நாட்டுத் தேர்வுக்கு உரியவை. அவற்றில் மூன்று மாதத்தைக் கொட்டுவது வீண். இங்கே என்னென்ன கட்டம், எந்த வரிசை என்பதற்கு அழைப்புக் கடிதம் ஒன்றே ஆதாரம். முந்தைய வருடம் போன அண்ணன் சொன்னது ஆதாரம் அல்ல.

பலகை, தோம்பு, கயிறு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனெனில் இதில்தான் பயிற்சி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பளிச்சென்று வித்தியாசம் தெரியும்.

பள்ளித் திடலில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுங்கள். இடையில் 6 மீட்டர். நடுவே இரண்டு பழைய லாரி டயர்கள், அவைதான் தீவு. கோடுகளுக்கு நடுவே தரை தொடக்கூடாது. கையில் 3 மீட்டர் பலகை ஒன்று, அதைவிடக் குட்டையாக இன்னொன்று, கயிறு, சுமையாக ஒரு தண்ணீர்த் தோம்பு, அதாவது பீப்பாய். ஆறு பேர். 15 நிமிடம். வழக்கமான விதிகள்: சில பகுதிகளைத் தொடவே கூடாது, ஓரளவுக்கு மேல் தாண்டிக் குதிக்கக்கூடாது, ஒரு தடையை எல்லாரும் கடந்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். இரண்டு பலகையைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக்கக்கூடாது என்பது பல இடங்களில் உண்டு. தொடங்குமுன் விதியை ஒரு முறை சத்தமாகத் திருப்பிச் சொல்கிற ஆள் குழுவுக்குப் பெரிய உதவி செய்கிறார். முதல் முறை யாரும் அதைச் செய்வதில்லை.

இனி பலகை. மேடை விளிம்பில் பலகையை வைத்து 1 மீட்டர் வெளியே தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 2 மீட்டர் இருக்கிறது. பலகை எடை 15 கிலோ என்றால் அதன் நடுப்புள்ளி விளிம்புக்கு அரை மீட்டர் பின்னால். எடையை விளிம்பிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 60 கிலோ ஆள் வெளி நுனியில் ஏறினால் முன்பக்கம் 60. பின்பக்கம் பலகை மட்டும் தருவது 15இன் பாதி, அதாவது 7.5. ஆகவே பின்னால் ஓர் ஆள் நிற்கவேண்டும். அதே 60 கிலோ ஆள் விளிம்புக்கு அரை மீட்டர் பின்னால் நின்றால் அவர் தருவது 30, மொத்தம் 37.5; பலகை கவிழும். பின் நுனிக்கே போய் நின்றால் 120; பாறை மாதிரி இருக்கும். ஆள் அதே ஆள், இடம்தான் வேறு. பேச்சு சுவாரசியத்தில் பின்னால் நிற்பவர் ஓரடி ஓரடியாக முன்னால் நகர்ந்து வருவதுதான் பெரும்பாலான விழுதலுக்குக் காரணம்.

பலகையைச் சரிபாதி, ஒன்றரை மீட்டர், வெளியே தள்ளினால் பலகையின் சொந்த எடை கணக்கிலிருந்தே போய்விடும். நுனியில் 60 கிலோ நின்றால் முன்பக்கம் 90. பின் நுனியில் 60 கிலோ நின்றாலும் 90. இரண்டும் சமம், ஒரு மூச்சு விட்டால் ஆடும். அங்கே பின்னால் இரண்டு பேர் கட்டாயம். பாதிக்கு மேல் தள்ளவே தள்ளாதீர்கள்.

அடுத்த சிக்கல் கடைசி ஆள். ஐந்து பேர் கடந்துவிட்டார்கள், ஆறாமவர் பின்னால் தனியாக நிற்கிறார், பலகையைப் பிடிக்க அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. நான்காம் ஆள் கடக்குமுன் இதை யோசித்து, பலகையின் இரு நுனியும் எதன்மேலாவது தாங்கி நிற்கும்படி மாற்றியிருக்கவேண்டும். சுமையும் அப்படித்தான். தோம்பைப் பின்னால் மறந்து, பலகையைத் திரும்ப எடுத்துப் போய் ஆறு நிமிடம் தொலைத்த குழுக்களைக் கணக்கு வைக்கமுடியாது.

ஓரமாக ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கட்டும். யார் அதிகம் பேசினார் என்று எழுதவேண்டாம். யார் சொன்னதைக் குழு உண்மையில் செய்தது, குட்டையான ஆளுக்கு எட்டாது என்று யார் கவனித்தார், தன் யோசனை தோற்றதும் யார் முகம் தூக்கினார் என்று எழுதவேண்டும். வேட்பாளரின் முதல் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு: “14 முறை யோசனை சொன்னார். பலகையைத் தொட்டது 2 முறை.” காணொளிகளில் ‘முன்முயற்சி காட்டு’ என்று கேட்டுக் கேட்டு வந்த விளைவு. நான்காம் வாரத்தில் பேச்சு பாதியாகக் குறைந்தது, கை வேலை கூடியது.

குழு விவாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசியச் சேவைப் பயிற்சி மாதிரித் தலைப்பு வந்தால் ஆண்டு தெரிந்திருக்கட்டும்: 2004இல் தொடங்கியது, 2018இல் நிறுத்தப்பட்டது, 2025இல் 45 நாள் பயிற்சியாகத் திரும்ப வந்தது. இந்த மூன்று எண்ணைச் சொல்லி ஆரம்பிப்பவர் பேச்சைப் பிறர் கேட்பார்கள். 3 நிமிட உரையில் பெரும்பாலோர் 1 நிமிடம் 10 வினாடியில் சரக்குத் தீர்ந்து “செக்கியான், தெரிமா காசே” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு கருத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளூர் உதாரணம் என்று வைத்துக்கொண்டால் மூன்று நிமிடம் போதாமல் போகும்.

கித்தா, காமி

மலாய் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் தொல்லை. தோட்டத்திலும் சந்தையிலும் பேசிப் பழகிய பசார் மலாய் நாக்கில் ஊறியிருக்கிறது. “சாயா புஞா பாப்பா கெர்ஜா எஸ்டேட்” என்று வருவதை “பாப்பா சாயா பெகெர்ஜா டி லாடாங்” என்று திருப்ப ஆறு வாரம் ஆயிற்று. ‘என்னுடைய’ என்பதற்குப் போடும் ‘புஞா’வைக் களைவதுதான் முதல் வேலை. அவர்கள் என்பதற்கு ‘டியா ஓராங்’ போய் ‘மெரேக்கா’ வரவேண்டும். எப்படி என்பதற்கு ‘மாச்சாம் மானா’ போய் ‘பாகைமானா’. எஸ்.பி.எம். தாளில் கிரெடிட் வாங்கியவர்தான். எழுத்து வேறு, வாய் வேறு.

இதில் ஒரு வேடிக்கை. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. மலாயிலும் அதே பிரிவினை அச்சு அசலாக இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் கித்தா, சேர்க்காவிட்டால் காமி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைத் தனியாகப் படித்தாக வேண்டும், நமக்குப் பிறவிச் சொத்து. ஆனால் பசார் மலாய் எல்லாவற்றுக்கும் கித்தா போட்டுக் கெடுத்துவிட்டது. “கித்தா ஓராங் இந்தியா” என்று வேட்பாளர் ஆரம்பித்தபோது பயிற்சிக் குழுவில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை, “நானுமா?” என்று சிரித்தார். அதற்குப் பிறகு வேட்பாளர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. சொல்லுமுன் மனதுக்குள் தமிழில் ‘நாமா, நாங்களா’ என்று கேட்டுக்கொண்டால் தானாக வரும்.

வாரம் இரண்டு மாதிரி நேர்முகம், ஒவ்வொன்றும் 20 நிமிடம், கைப்பேசியில் ஒலிப்பதிவு. காணொளி வேண்டாம், முகத்தைப் பார்த்து வெட்கப்படுவதில் நேரம் போகும். ஒலியை மட்டும் கேட்டு, ‘புஞா’ எத்தனை, ‘ஏர்ர்’ எத்தனை, துவான் விட்டுப்போனது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

தரவரிசைப் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. தரைப்படையில் காப்டன் என்பது இளம் அதிகாரி, மேஜருக்குக் கீழே. கடற்படையில் காப்டன் என்றால் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். எதிரில் இருப்பவர் வெள்ளைச் சீருடையில் இருந்து, நீங்கள் அவரை இளையவர் என்று நினைத்துப் பேசினால் தீர்ந்தது. மூன்று படையின் தரவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் படிக்கவேண்டும். மூன்று படையின் பிறந்தநாளும் அப்படியே: தரைப்படை 1933 மார்ச் 1, கடற்படை 1934 ஏப்ரல் 27, ஆகாயப்படை 1958 ஜூன். வெளிநாட்டுப் பணி என்றால் 1960 காங்கோ, 1993 சோமாலியா, பொஸ்னியா, 2007 முதல் லெபனான். தேதியை ஒப்பித்தால் மட்டும் போதாது, அங்கே நம் படை ஏன் போனது என்று இரண்டு வாக்கியம் தெரியவேண்டும்.

இந்தியர்கள் ஏன் குறைவாகச் சேர்கிறார்கள் என்ற கேள்வி அநேகமாக வரும். குறை பாடவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம், 1967இல், 31 வயதில் என்று சொல்லலாம். ஆனால் பெயரை வீசிவிட்டு நிறுத்தினால் அடுத்த கேள்வி அவரைப் பற்றியே வரும். 1976 வரை அவர் பதவியில் இருந்தார் என்பதாவது தெரியாமல் இழுக்காதீர்கள். உங்கள் ஊரில் நீங்கள் கண்ட காரணத்தைச் சொல்வது இன்னும் நல்லது. “என் அம்மா வேண்டாம் என்றார், காரணம் இது, நான் இப்படிப் பேசினேன்” என்ற பதிலுக்கு எதிர்க்கேள்வி கேட்பது கடினம். மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா என்றால் இல்லை துவான், மற்றது எது இருந்தாலும் சாப்பிடுவேன் என்று ஒரே வரி. அதை விவாதமாக்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

மறைத்த சொத்து

மூன்றாம் வாரத்தில் வேட்பாளரிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. நீங்கள் பொறுப்பேற்று ஏதாவது செய்த பத்துச் சம்பவங்களை எழுதுங்கள். கேடட், வகுப்புத் தலைவர், பல்கலைக்கழகக் கழகச் செயலாளர் என்று ஆறு வந்தது. எல்லாமே எந்த விண்ணப்பத்திலும் இருக்கும் சங்கதி. தோட்டத்தில் எதுவும் இல்லையா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் சொல்ற மாதிரி இல்லண்ணே” என்றார்.

துருவிக் கேட்டதில் வந்தது இது. பல்கலைக்கழக விடுமுறையில் அப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போயிருக்கிறார். ஒரு மழை நாளில் டிராக்டர் சேற்றில் புதைந்துவிட்டது. வெட்டிய குலைகள் வரப்போரம் கிடக்கின்றன. செம்பனைப் பழம் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது தோட்டத்து விதி. தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். ஒரு குலை சுமார் 20 கிலோ. அவர் செய்தது: ஒற்றைச் சக்கர வண்டிகளை எண்ணினார், நான்குதான். சேறு குறைந்த பாதையை நடந்து பார்த்தார். தூரத்தை மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பேரை நிறுத்தி, கைமாற்றிக் குலைகளைத் தார் ரோட்டு மேட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். இருட்டுமுன் முடிந்தது.

திடலில் பலகையும் தோம்பும் வைத்து நாங்கள் சோதிக்கிற அத்தனையும் அந்தச் சேற்றில் இருக்கிறது: சுமை, நேர எல்லை, பற்றாக்குறைக் கருவி, சொன்னால் கேட்கவேண்டிய அவசியம் இல்லாத ஆட்கள். இதை வைத்துக்கொண்டு கழகச் செயலாளர் கதையைச் சொல்லப் போனார்.

சொல்லும் விதமும் முக்கியம். முதல் முறை சொன்னபோது ஐந்து நிமிடம் ஓடியது, பாதி மழை வர்ணனை. 90 வினாடிக்குள் கொண்டுவரவேண்டும்: என்ன சிக்கல், கையில் என்ன இருந்தது, நான் என்ன முடிவெடுத்தேன், என்ன தப்பாகப் போனது, எப்படி முடிந்தது. தப்பாகப் போனதை விடக்கூடாது. முதலில் பிரித்த துண்டுகள் சமமில்லை, நடுவில் நின்ற இருவர் களைத்துப் போய்ப் பிறகு மாற்றவேண்டி வந்தது. அந்த ஒரு வரிதான் கதை உண்மை என்பதற்குச் சாட்சி.

உடம்பு

உயரம் 1.68 மீட்டர், எடை 78 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 27.6. இதுதான் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.); விளம்பரத்தில் அதன் எல்லை 26.9 என்று இருந்தால் 75.9 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. தராசில் நிற்கும் நாளில் உடுப்பு, காலை உணவு எல்லாம் சேரும், ஆகவே இலக்கு 74. பன்னிரண்டு வாரத்தில் 4 கிலோ பெரிய விஷயம் இல்லை. கடைசி மூன்று நாள் பட்டினி கிடந்து குறைப்பவர் ஓட்டத்தில் மயங்குவார். வேட்பாளர் மாற்றியது இரண்டே: நாளுக்கு மூன்று தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) போய் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), இரவுச் சோற்றில் பாதி.

ஓட்டம் 2.4 கிலோமீட்டர் என்றால் 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. 11 நிமிடம் இலக்கு என்றால் சுற்றுக்கு 1 நிமிடம் 50 வினாடி. முதல் சுற்றை 1 நிமிடம் 30இல் ஓடி, நான்காம் சுற்றில் நடப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. செவ்வாய்க்கிழமை ஆறு முறை 400 மீட்டர், ஒவ்வொன்றும் 1:50, நடுவில் 2 நிமிடம் ஓய்வு. வியாழன் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 5 கிலோமீட்டர். ஞாயிறு 7 கிலோமீட்டர். தமிழ்ப்பள்ளித் திடல் 400 மீட்டர் இருக்காது; அளவு நாடாவால் ஒரு முறை அளந்துவிடுங்கள், கண்மதிப்பு ஏமாற்றும். தார் ரோட்டில் தேய்ந்த காலணியோடு திடீரென்று தூரத்தைக் கூட்டினால் கெண்டைக்கால் எலும்பு வலிக்கும், இரண்டு வாரம் போய்விடும். தோட்டத்துச் செம்மண் சாலை நல்லது, நாய் தொல்லை தவிர. காலை 7 மணிக்கே தொடங்கினால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. தண்டாலில் மார்பு இறங்காதது கணக்கில் சேராது. 40 அரைகுறையைவிட 25 முழுசு மேல்.

உடற்பரிசோதனையில் போகும் சிலவற்றைப் பயிற்சியால் மாற்றமுடியாது. விண்ணப்பிக்குமுன்னே தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம். நிறக்குருடு பிறவியில் வருவது. புள்ளிப் படத் தட்டுகளை மனப்பாடம் செய்தால் வரிசை மாற்றிக் காட்டுவார்கள். ஈரக் காலைச் சிமெண்டுத் தரையில் பதியுங்கள். உட்பக்கம் வளைவு இல்லாமல் முழுக்காலும் பதிந்தால் தட்டைப் பாதமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சொத்தைப் பல்லை இப்போதே அடைத்துவிடலாம். காதுக் குரும்பியை ஒரு வாரம் முன்பு சுத்தம் செய்துகொண்டால் போதும். மணிக்கட்டுக் கயிறு, மோதிரம், காப்பு எல்லாம் கழற்றிவிடவேண்டும். கயிற்றில் ஏறும்போது மோதிரம் மாட்டினால் விரல் போகும்.

ஆவணம் பற்றி ஒன்றே ஒன்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எஸ்.பி.எம். சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்து எழுத்தாக ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், அப்பா பெயருக்கு முன்வரும், ‘மகன்’ என்பதற்கான மலாய்ச் சுருக்கம் ஆ/லெ உட்பட. தோட்டப்புறத்தில் பதிவு செய்தபோது ஒரு எழுத்து விட்டுப்போன பெயர்கள் நிறைய. தேசியப் பதிவிலாகாவில் திருத்த நேரம் பிடிக்கும். அழைப்பு வந்த பிறகு ஓடினால் முடியாது.

இரண்டாம் முறை

பலரைச் சேர்த்து ஒருவராக்கியதால் வேட்பாளருக்கு ஒரே முடிவு எழுத முடியாது. அறைக்குள் நடந்ததைச் சொல்லலாம். சல்யூட் இல்லை. துவான், புவான் தவறவில்லை. அப்பாவின் வேலையைக் கேட்டதும் நேராக “மண்டோர் டி லாடாங் கெலாப்பா சாவிட், துவான்” என்றார், செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் என்று. குழு நிமிர்ந்தது. அதன்பிறகு கேள்விகள் எல்லாம் தோட்டத்தைச் சுற்றியே வந்தன. டிராக்டர் கதைக்கு அவர் திட்டமிட்ட 90 வினாடி போய், பத்து நிமிடம் நீண்டது. வண்டி ஏன் நான்கு மட்டும்? அந்த இருவரை மாற்றும்போது அவர்கள் என்ன சொன்னார்கள்? நீங்கள் மண்டோர் மகன் என்பதால்தான் உங்கள் சொல்லைக் கேட்டு நடந்தார்களா? கடைசிக் கேள்வி வலித்தது, ஆனாலும் “பாதி அதனால்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

நேர்முகம் முடிந்த அன்று இரவே, ரயிலில் திரும்பும்போது, கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் வரிசையாக எழுதிவிடவேண்டும் என்பது விதி. ஒரு நாள் தள்ளினால் மனம் தனக்குச் சாதகமாகத் திருத்திவிடும். வேட்பாளரின் தாளில் 17 கேள்விகள். பதினாறாவதற்கு எதிரே கோடு மட்டும்: “உன் அப்பாவிடம் வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசிகள் இருக்கிறார்கள் என்றாய். அவர்களுக்கு உன் அப்பா எந்த மொழியில் உத்தரவு போடுகிறார்? புரியவில்லை என்றால் என்ன செய்வார்?” ஆறு வாரமாக நாங்கள் களைந்த அதே பசார் மலாயில்தான் என்பது தெரியும். புரியாவிட்டால் அப்பா என்ன செய்வார் என்பதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

வீடு வந்து கேட்டிருக்கிறார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னதைத் தாளில் அப்படியே எழுதினார்: “புதுசா வந்தவன்கிட்ட கம்பு அரிவாளைக் கொடுத்துட்டுப் பேசக்கூடாதுப்பா. முதல்ல ஒரு மரத்துல நான் வெட்டுவேன். அடுத்தத அவன் வெட்டுவான், நான் தள்ளி நிப்பேன். மூணாவது மரத்துல தப்பு எதுன்னு அவனே காட்டுவான். அதுக்கு எதுக்கு பாஷை?”